527 வாக்குகளின் கணக்கு: 2008 மினசோட்டா செனட் தேர்தலில் பதவியில் இருந்தவர் தோற்றது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2008-இல் நடந்த செனட் தேர்தலில், பதவியில் இருந்த நார்ம் கோல்மன் முதலில் வென்றுவிட்டார், பிறகு எங்கிருந்தோ வாக்குகள் 'கண்டெடுக்கப்பட்டு' அல் ஃபிராங்கன் வென்றவராக ஆக்கப்பட்டார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, ஒரு முடிவைச் சொல்ல எட்டு மாதம் ஏன் ஆயிற்று என்பது கேள்வி. இந்தத் தேர்தலின் ஆவணங்களையும் தீர்ப்புகளையும் பலமுறை படித்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோல்மன் வென்றதாக எந்தத் தேர்தல் அமைப்பும் எப்போதும் சான்றளிக்கவில்லை. அவர் 215 வாக்கு முன்னிலையில் இருந்தார் என்பது மெய். ஆனால் அந்த முன்னிலை, சட்டப்படி கட்டாயமான மறுஎண்ணிக்கை தொடங்குவதற்கு முந்தைய நாள் இருந்த நிலவரம். இறுதியில் அவர் 312 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இடைப்பட்ட மாற்றம் 527. இந்த 527 எங்கெங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தால், கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

கணக்குக்குப் போவதற்கு முன் போட்டியின் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். அந்தச் செனட் இடம் ஏற்கெனவே ஒரு துயரத்தைச் சுமந்த இடம். அதை வகித்த ஜனநாயகக் கட்சியின் பால் வெல்ஸ்டோன், 2002 அக்டோபர் 25 அன்று, வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மனைவியோடும் மகளோடும் விமான விபத்தில் இறந்தார். அவருக்குப் பதிலாக, முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மான்டேல் அவசரமாக நிறுத்தப்பட்டார். செயின்ட் பால் நகரின் மேயராக இருந்தவரும், 1996 வரை ஜனநாயகக் கட்சியிலேயே இருந்து பிறகு குடியரசுக் கட்சிக்கு மாறியவருமான கோல்மன், மான்டேலை ஏறக்குறைய இரண்டு விழுக்காட்டில் வென்றார். எஞ்சியிருந்த சில வாரப் பதவிக்காலத்துக்கு அப்போதைய ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா நியமித்தவர் டீன் பார்க்லி. அதே பார்க்லி 2008-இல் சுதந்திரக் கட்சியின் சார்பில் மூன்றாவது வேட்பாளராக நின்று 4,37,505 வாக்குகளைப் பெற்றார். அதாவது 15 விழுக்காடு. முதலிரு வேட்பாளர்களும் ஆளுக்கு 42 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்பதற்கு இதுவே காரணம். அங்கே இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு என்ற ஏற்பாடு கிடையாது. ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலும் அவரே வென்றவர்.

எதிர்த்து நின்ற அல் ஃபிராங்கன், தொலைக்காட்சி நகைச்சுவையால் நாடறிந்தவர். தேர்தலில் நிற்பது அதுவே முதல் முறை. அவர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் தோண்டி எடுத்துக் கோல்மன் தரப்பு பெரும் விளம்பரப் போரே நடத்தியது. குடியரசுத் தலைவர் தேர்தலில் பராக் ஒபாமா அம்மாநிலத்தை ஏறக்குறைய பத்து விழுக்காட்டில் வென்றிருக்க, ஃபிராங்கன் இழுபறியில் நின்றதற்கு இந்தப் பழைய எழுத்துகளும் பார்க்லி பிரித்த வாக்குகளுமே முதன்மைக் காரணங்கள் என்பது என் கணிப்பு. மறுபுறம், செப்டம்பரில் வெடித்த நிதி நெருக்கடியும், வங்கிகளைக் காப்பாற்றும் சட்டத்துக்குக் கோல்மன் ஆதரவாக வாக்களித்ததும், குடியரசுக் கட்சியின் மீது அன்றிருந்த பொதுவான சலிப்பும் அவரைக் கீழே இழுத்தன. அந்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர், வட கரோலினா, ஓரிகன், அலாஸ்கா ஆகிய மாநிலங்களிலும் பதவியில் இருந்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் தோற்றார்கள். கோல்மன் ஐந்தாமவர்; ஆனால் அவருடைய தோல்வி மட்டுமே நீதிமன்றத்தில் முடிவானது.

நவம்பர் 4 இரவு எண்ணிக்கை நடந்தபோது இருவரும் மாறி மாறி முந்தினார்கள். விடியற்காலையில் ஒரு பெரிய செய்தி நிறுவனம் கோல்மன் வென்றதாக அறிவித்துச் சிறிது நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'முதலில் வென்றுவிட்டார்' என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்தது அந்த அறிவிப்பால்தான் என்று நினைக்கிறேன். காலையில் அவருடைய முன்னிலை 700-ஐ ஒட்டி இருந்தது. அவர் செய்தியாளர்களைச் சந்தித்துத் தாமே வென்றதாகச் சொன்னதோடு, தாம் பின்தங்கிய நிலையில் இருந்தால் மறுஎண்ணிக்கையை வலியுறுத்தாமல் விலகிக்கொள்வேன் என்ற பொருளிலும் பேசினார். பின்னால் ஆறு மாதம் வழக்காடியவர் அவரே என்பதால், அந்தப் பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது.

அடுத்த இரு வாரங்களில் 700 என்பது 215 ஆகச் சுருங்கியது. இதைத்தான் பலர் முதல் 'திருட்டு' என்கிறார்கள். நடந்தது வேறு. தேர்தல் இரவில் வெளியாகும் எண்கள் அலுவலர்கள் தொலைபேசியிலும் கணினியிலும் அவசரமாகத் தெரிவிப்பவை. அதன்பின் ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வாக்குச்சாவடி இயந்திரத்தின் அச்சிட்ட சுருளோடு அந்த எண்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தே தீர வேண்டும். பைன் கவுண்டியில் ஒரு சாவடியின் எண்ணை உள்ளிடும்போது நேர்ந்த தட்டச்சுப் பிழையால் ஃபிராங்கனுக்கு 100 வாக்கு குறைவாகக் காட்டப்பட்டிருந்தது. சரிபார்த்தபோது அது திருத்தப்பட்டது. நள்ளிரவு தாண்டி, பகல் முழுவதும் சாவடியில் உழைத்துக் களைத்த ஒருவர், ஓர் இலக்கத்தைத் தவறவிடுவது வியப்பல்ல. இத்தகைய திருத்தங்கள் எல்லாத் தேர்தல்களிலும் நடக்கின்றன. வித்தியாசம் பல்லாயிரமாக இருக்கும்போது யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

நவம்பர் 18 அன்று மாநில வாக்குச் சரிபார்ப்பு வாரியம் கூடியது. கோல்மன் 12,11,565, ஃபிராங்கன் 12,11,350. பதிவான வாக்குகள் 29 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் அரை விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் யாரும் கேட்காமலே கையால் மறுஎண்ணிக்கை செய்ய வேண்டும் என்பது அன்றைய மினசோட்டாச் சட்டம். ஆகவே வாரியம் வென்றவர் இவர் என்று அறிவிக்காமல், மறுநாளே மறுஎண்ணிக்கையைத் தொடங்க உத்தரவிட்டது. நம்முடைய 527-இன் கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வாரியத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது முக்கியம், ஏனென்றால் 'ஜனநாயகக் கட்சிச் செயலர் ஒருவர் தம் கட்சிக்காரருக்குச் சாதகமாக நடத்தினார்' என்ற குற்றச்சாட்டு இன்றும் சொல்லப்படுகிறது. தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலரான மார்க் ரிட்சி ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது உண்மை. ஆனால் வாரியத்தில் ஐவர். தலைமை நீதிபதி எரிக் மேக்னுசனும் நீதிபதி பாரி ஆண்டர்சனும் குடியரசுக் கட்சி ஆளுநர் டிம் பாலென்டியால் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள். மற்ற இருவர் ராம்சே கவுண்டி நீதிபதிகளான கேத்லீன் கியரினும் எட்வர்ட் கிளியரியும். வாரியத்தின் கூட்டங்கள் இணையத்தில் நேரலையாகக் காட்டப்பட்டன. தகராறுக்குரிய சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஐவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

மறுஎண்ணிக்கை நடந்த விதத்தை அருகில் சென்று பார்ப்போம். மினசோட்டாவில் வாக்கு என்பது காகிதச் சீட்டு. வேட்பாளர் பெயருக்கு எதிரே உள்ள நீள்வட்டத்தை வாக்காளர் பேனாவால் நிரப்ப வேண்டும். சாவடியில் உள்ள இயந்திரம் அதைப் படித்து எண்ணும். நிரப்பிய நீள்வட்டத்தை மட்டுமே இயந்திரம் அறியும். ஒருவர் நீள்வட்டத்தை நிரப்பாமல் வேட்பாளரின் பெயரைச் சுற்றி வளையம் போட்டிருந்தாலோ, ஓரத்தில் பெருக்கல் குறி இட்டிருந்தாலோ, இயந்திரத்துக்கு அது வெற்றுச் சீட்டு. ஆனால் அம்மாநிலச் சட்டம், வாக்காளரின் எண்ணம் சீட்டிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் அதை வாக்காக ஏற்க வேண்டும் என்கிறது. கையால் எண்ணும்போது இயந்திரம் விட்டுவிட்ட இந்த வாக்குகள் வெளிப்படுகின்றன; 'கண்டெடுக்கப்பட்டவை' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, தேர்தல் நாளன்றே பெட்டிக்குள் விழுந்து, முத்திரையிட்டுப் பாதுகாக்கப்பட்டு, இயந்திரத்தால் படிக்கப்படாமல் கிடந்த சீட்டுகளே.

ஒவ்வொரு மேசையிலும் ஓர் அலுவலர். அவருக்கு இருபுறமும் இரு வேட்பாளர்களின் முகவர்கள். அலுவலர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டிக் கோல்மன், ஃபிராங்கன், மற்றவர் என்று மூன்று அடுக்குகளில் வைப்பார். முகவர் எவரேனும் ஆட்சேபித்தால் அந்தச் சீட்டு தனி உறைக்குள் போகும். வாரியம்தான் அதைத் தீர்க்கும். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இப்படி 29 லட்சம் சீட்டுகளும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கப்பட்டன. எதிராளியின் கணக்கைக் குறைவாகக் காட்டுவதற்காக இரு தரப்பும் போட்டி போட்டு ஆட்சேபித்ததால், தனி உறைக்குள் போனவை 6,000-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை எந்த அடிப்படையும் இல்லாதவை. இரு தரப்பும் பின்னர் ஆயிரக்கணக்கில் திரும்பப் பெற்றுக்கொண்டன. எஞ்சியவற்றை வாரியம் டிசம்பர் நடுவில் பொது அரங்கில் ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்தது.

அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று பெல்ட்ராமி கவுண்டியிலிருந்து வந்தது. வாக்காளர் ஃபிராங்கனுக்கு எதிரே உள்ள நீள்வட்டத்தை நிரப்பியிருந்தார். கூடவே, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதுவதற்கான இடத்தில் 'பல்லி மக்கள்' என்ற பொருளில் எழுதி, அதற்கான நீள்வட்டத்தையும் நிரப்பியிருந்தார். அப்படி ஒரு வேட்பாளர் இல்லை, ஆகவே இது ஃபிராங்கனுக்கே உரிய வாக்கு என்று அவருடைய வழக்கறிஞர் வாதிட்டார். ஒரே பதவிக்கு இருவரைக் குறித்ததாகக் கொண்டு வாரியம் அதைச் செல்லாத வாக்காக்கியது. வேடிக்கையான செய்தியாகவே உலகம் இதைப் படித்தது. எனக்கு அது மிக முக்கியமான சீட்டாகத் தோன்றுகிறது, ஏனென்றால் ஃபிராங்கனுக்குச் சாதகமான வாதத்தைக் கேட்ட பிறகும் வாரியம் அவருக்கு அதைக் கொடுக்கவில்லை.

மறுஎண்ணிக்கையில் இரண்டு சம்பவங்கள் நியாயமான சந்தேகத்தைக் கிளப்பின. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மேப்பிள்வுட் நகரில் ஒரு சாவடியில் இயந்திரம் பழுதானபோது, அதில் முதலில் செலுத்தப்பட்ட 171 சீட்டுகள் மாற்று இயந்திரத்தின் கணக்கில் சேராமல் போயிருந்தன. கையால் எண்ணும்போது அவை தெரியவந்து, ஃபிராங்கனுக்கு 37 வாக்கு நிகர ஆதாயமானது. சீட்டுகள் உரிய பெட்டியிலேயே இருந்தன, கையொப்பமிட்டு வாக்களித்தவர்களின் எண்ணிக்கையோடும் அவை பொருந்தின என்பதால் இதில் பெரிய தகராறு எழவில்லை. மினியாபோலிஸ் நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு சாவடியில் 130-க்கும் மேற்பட்ட சீட்டுகள் அடங்கிய ஓர் உறை காணாமல் போயிற்று. நாட்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. தேர்தல் இரவில் இயந்திரம் அவற்றை எண்ணியிருந்தது. வருகைப் பதிவேடும் அதை உறுதி செய்தது. ஆகவே அந்தச் சாவடிக்கு மட்டும் இயந்திரக் கணக்கையே ஏற்பது என்று வாரியம் முடிவு செய்தது. இல்லாவிட்டால் ஃபிராங்கன் 46 வாக்கு நிகர இழப்பைச் சந்தித்திருப்பார். காணாமல் போன காகிதத்துக்காக வாக்காளரைத் தண்டிக்கக் கூடாது என்ற இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த உறை தொலைந்தது நகர நிர்வாகத்தின் மன்னிக்க முடியாத கவனக்குறைவு. கோல்மன் தரப்பு இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றதில் தவறில்லை.

டிசம்பர் முடிவில், ஆட்சேபங்கள் எல்லாம் தீர்ந்தபின், ஃபிராங்கன் 49 வாக்கு முன்னிலைக்கு வந்திருந்தார். 215 பின்தங்கியிருந்தவர் 49 முந்தினார் என்றால், கை எண்ணிக்கையால் ஏற்பட்ட மாற்றம் 264. மொத்தம் 527-இல் ஏறக்குறைய பாதி. மீதி 263-உம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. அதுதான் இந்தத் தேர்தலின் உண்மையான போர்க்களம்: திறக்கப்படாத தபால் வாக்கு உறைகள்.

அந்த ஆண்டு மினசோட்டாவில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் சாவடிக்கு வராமல் முன்கூட்டியே வாக்களித்திருந்தார்கள். அப்படி வாக்களிப்பது அன்று சலுகையாகவே கருதப்பட்டது. ஊரில் இல்லை, நோய், முதுமை என்று காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். சீட்டு ஓர் இரகசிய உறைக்குள். அந்த உறை இன்னொரு வெளியுறைக்குள். வெளியுறையின் மீது வாக்காளரின் பெயரும் முகவரியும் கையொப்பமும் இருக்கும். அவற்றுக்குக் கீழே சாட்சியின் கையொப்பமும் முகவரியும் இருக்கும். சாட்சி மினசோட்டாவில் பதிவு பெற்ற வாக்காளராகவோ, நோட்டரி போன்ற அதிகாரம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இவை நிறைவேறவில்லையென்றால், சட்டம் சொல்லும் நான்கு காரணங்களுள் ஒன்றைக் குறித்து உறையைத் திறக்காமலே நிராகரிக்கலாம்: பெயரும் முகவரியும் விண்ணப்பத்தோடு பொருந்தாமை, கையொப்பம் ஒவ்வாமை, வாக்காளராகப் பதிவு பெறாமை, ஏற்கெனவே வாக்களித்திருத்தல். இப்படி நிராகரிக்கப்பட்டவை சுமார் 12,000.

ஒரு முதியவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விண்ணப்பத்தில் இட்ட கையொப்பமும், மூன்று வாரம் கழித்து உறையில் இட்ட கையொப்பமும் ஒரே மாதிரி இருக்குமா? அதைத் தீர்மானித்தவர்கள் கையெழுத்து வல்லுநர்கள் அல்லர். பல இடங்களில் அந்தந்தச் சாவடியின் தேர்தல் நாள் பணியாளர்கள். வாக்காளர்களின் வரிசையைக் கவனித்துக்கொண்டே, இடையிடையே கிடைத்த நேரத்தில் உறைகளைச் சரிபார்த்தவர்கள். எனவே நான்கு காரணங்களுள் எதுவுமே பொருந்தாமல், வெறும் தவறால் ஒதுக்கப்பட்ட உறைகளும் இருந்தன. நான்கு காரணங்களுக்கு நான்கு அடுக்கு என்றால், காரணமே இல்லாத இவற்றுக்கு 'ஐந்தாவது அடுக்கு' என்று அங்குள்ளவர்கள் பெயரிட்டார்கள். கவுண்டி அலுவலர்கள் மீண்டும் பார்த்து, தவறாக நிராகரிக்கப்பட்டவை என்று ஒப்புக்கொண்டவை சுமார் 1,350.

அந்த உறைகளை எண்ண வேண்டும் என்று ஃபிராங்கன் தரப்பு போராடியது. எண்ணக் கூடாது, மறுஎண்ணிக்கை என்பது எண்ணிய சீட்டுகளை மீண்டும் எண்ணுவதே, நிராகரித்தவற்றைச் சேர்ப்பதன்று என்று முன்னிலையில் இருந்த கோல்மன் தரப்பு மாநில உச்ச நீதிமன்றம் சென்றது. டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஓர் உத்தரவு பிறப்பித்தது: அலுவலர்களும் இரு வேட்பாளர்களும் ஒருசேர ஒப்புக்கொண்ட உறைகளை மட்டும் எண்ணலாம். அதாவது, ஒரு வாக்காளரின் வாக்கு எண்ணப்பட வேண்டுமா என்பதில் வேட்பாளருக்கே தடை அதிகாரம். நீதிபதி ஆலன் பேஜ் இதைக் கடுமையாக எதிர்த்து மாற்றுத் தீர்ப்பு எழுதினார். முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரான அவருடைய அந்தச் சில பக்கங்கள், இவ்வழக்கின் எல்லா ஆவணங்களிலும் என்னை அதிகம் அசைத்தவை. குடிமகனின் வாக்குரிமையைப் போட்டியாளர்களின் விருப்பத்துக்கு விடலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெரும்பான்மையின் உத்தரவு தவறு என்றே நானும் கருதுகிறேன். எண்ண வேண்டிய சில நூறு உறைகள் அதனால் மாதக்கணக்கில் முடங்கின.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை 933. ஜனவரி 3, 2009 அன்று தலைநகர் செயின்ட் பாலில் எல்லோர் முன்னிலையிலும் அவை திறக்கப்பட்டன. ஃபிராங்கனுக்கு 481, கோல்மனுக்கு 305, மற்றவை பிறருக்கு. முன்னிலை 49-இலிருந்து 225 ஆயிற்று. ஜனவரி 5 அன்று வாரியம் அதற்குச் சான்றளித்தது. சான்றளித்தது என்றால் மறுஎண்ணிக்கையின் முடிவை உறுதி செய்தது என்றே பொருள். தேர்தல் வழக்குத் தொடரப்பட்டால் அது முடியும்வரை பதவிச் சான்றிதழ் வழங்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். கோல்மன் மறுநாளே வழக்குத் தொடுத்தார். ஆளுநர் பாலென்டி சான்றிதழில் கையொப்பமிடவில்லை. எட்டு மாதம் ஏன் ஆயிற்று என்பதற்கான நேரடி விடை இதுதான். மறுஎண்ணிக்கை முடிய இரண்டு மாதம் ஆனது. மீதி ஆறு மாதத்தை வழக்கு எடுத்துக்கொண்டது.

வழக்கை விசாரித்தவர்கள் மூன்று நீதிபதிகள்: எலிசபெத் ஹேடன், கர்ட் மார்பென், டெனிஸ் ரெய்லி. ஜனநாயகக் கட்சி ஆளுநர், குடியரசுக் கட்சி ஆளுநர், இரண்டிலும் சேராத வென்ச்சுரா என மூவரும் மூன்று வேறு ஆளுநர்களால் நியமிக்கப்பட்டவர்கள். ஜனவரி 26-இல் தொடங்கி ஏழு வாரம் விசாரணை நடந்தது. இப்போது நிலைகள் தலைகீழாக மாறின. பின்தங்கிவிட்ட கோல்மன், நிராகரிக்கப்பட்டவற்றுள் சுமார் 4,800 உறைகளைத் திறக்க வேண்டும் என்று கேட்டார். முந்திவிட்ட ஃபிராங்கன், சட்டத்தின் நிபந்தனைகளைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்றார். டிசம்பரில் தாம் பூட்டிய கதவைப் பிப்ரவரியில் தட்டியவர் கோல்மன் என்றால், டிசம்பரில் தாம் தட்டிய கதவைப் பிப்ரவரியில் பூட்டியவர் ஃபிராங்கன். இருவரில் எவரையும் வாக்குரிமையின் காவலர் என்று கொண்டாட என்னால் முடியாது. ஆனால் தந்திரம் என்ற அளவில் பார்த்தால், தவறு கோல்மன் தரப்பினுடையது. எந்த உறைக்குள் யாருக்கான வாக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில், தொடக்கத்திலேயே பரந்த மனத்தோடு எல்லா உறைகளையும் மறுபரிசீலனை செய்யச் சம்மதித்திருந்தால், பிற்பாடு நீதிமன்றத்தில் அவர்களுடைய வாதம் இவ்வளவு வலுவிழந்திருக்காது.

கோல்மனின் முதன்மை வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கது அன்று. ஒரு கவுண்டி சாட்சியின் பதிவைக் கணினியில் சரிபார்த்து நிராகரித்திருக்கிறது. பக்கத்துக் கவுண்டி சரிபார்க்காமலே ஏற்றிருக்கிறது. ஒரே குறையுள்ள இரு உறைகளில் ஒன்று எண்ணப்பட்டு, மற்றொன்று ஒதுக்கப்பட்டால், அது சமத்துவத்துக்கு எதிரானதல்லவா? 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடா மறுஎண்ணிக்கையை நிறுத்திய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். ஆகவே ஏற்கப்பட்டவற்றின் தரத்துக்கு ஏற்ப, நிராகரிக்கப்பட்டவற்றையும் தளர்வோடு ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சட்டம் கேட்பது முழு இணக்கம், போதுமான அளவு இணக்கம் அன்று என்றது நீதிமன்றம். அலுவலர் ஒருவர் தவறாக ஓர் உறையை ஏற்றுவிட்டார் என்பதற்காக, சட்டப்படி செல்லாத இன்னோர் உறை செல்லுபடியாகிவிடாது. பிப்ரவரி 13 உத்தரவில் மூவரும் இதை வகை வகையாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் கோல்மன் ஒவ்வோர் உறைக்கும் தனித்தனியாக, வாக்காளர் பதிவு பெற்றவர், சாட்சி பதிவு பெற்றவர், கையொப்பம் உண்மையானது, வேறெங்கும் வாக்களிக்கவில்லை என்றெல்லாம் சான்று காட்ட வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான உறைகளுக்கு அப்படிக் காட்ட அவரால் இயலவில்லை.

சான்று காட்டப்பட்டவை என்று நீதிபதிகள் ஏற்றவற்றுள் 351 உறைகள் ஏப்ரல் 7 அன்று நீதிமன்ற அறையிலேயே திறக்கப்பட்டன. ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து அலுவலர் பெயரை உரக்கப் படித்தார். ஐந்து மாதத்துக்கு முன் எழுதி அனுப்பிய வாக்குகள், சாவடியில் ஒதுக்கப்பட்டு, கவுண்டி அலுவலகப் பெட்டியில் கிடந்து, கடைசியில் நீதிமன்றத்தில் ஒலித்தன. ஃபிராங்கனுக்கு 198, கோல்மனுக்கு 111, பிறருக்கு 42. முன்னிலை 312 ஆயிற்று. 176-உம் 87-உம் சேர்ந்து 263. கை எண்ணிக்கையின் 264-ஐக் கூட்டினால் 527. கோல்மன் தாமே தொடுத்த வழக்கின் வழியாகத் திறக்கப்பட்ட உறைகள்கூட ஃபிராங்கனின் முன்னிலையைக் கூட்டின என்பதைக் கவனிக்க வேண்டும். 'கண்டெடுத்த வாக்குகள்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: உறைகள் இரு முறையும் ஃபிராங்கனுக்கே சாதகமாக இருந்தது எப்படி? அந்த ஆண்டு ஒபாமாவின் பிரச்சாரம் ஆதரவாளர்களை முன்கூட்டியே வாக்களிக்கும்படி பெரிய அளவில் தூண்டியிருந்தது. முதன்முறை வாக்களிப்பவர்களே படிவத்தில் அதிகம் தடுமாறுவார்கள். எண்ணங்களைத் தெளிவாகக் காட்டியும் இயந்திரம் படிக்காமல் விட்ட சீட்டுகளுக்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகமே. ஆனால் சதியைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டிய விளக்கம் இது.

ஏப்ரல் 13 அன்று மூவரும் ஒருமனதாக ஃபிராங்கன் வென்றதாகத் தீர்ப்பளித்தனர். மாநில உச்ச நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டில், வாரியத்தில் இருந்த காரணத்தால் மேக்னுசனும் ஆண்டர்சனும் விலகிக்கொள்ள, மீதி ஐந்து நீதிபதிகள் ஜூன் 1 அன்று வாதம் கேட்டு, ஜூன் 30 அன்று ஐந்துக்குச் சுழியம் என்று அதை உறுதி செய்தனர். வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதாக நிரூபிக்கப்படாத நிலையில், உள்ளூர் அலுவலர்களின் நடைமுறை வேறுபாடுகள் மட்டுமே சமத்துவ மீறலாகிவிடாது என்பது தீர்ப்பின் மையம். சில வாக்குகள் இரு முறை எண்ணப்பட்டன என்ற கோல்மன் தரப்பின் குற்றச்சாட்டுக்கும் போதிய சான்று இல்லை என்றது. மினியாபோலிஸ் உறைக்கான வாரியத்தின் முடிவையும் ஏற்றது. இறுதிக் கணக்கு: ஃபிராங்கன் 12,12,629, கோல்மன் 12,12,317. வாக்குப்பதிவு நடந்து 238 நாள் ஆகியிருந்தது. அன்று பிற்பகலே கோல்மன் தோல்வியை ஏற்றார். கூட்டாட்சி நீதிமன்றம் செல்ல அவருக்கு வழி இருந்தது, கட்சியில் பலர் வற்புறுத்தவும் செய்தனர், அவர் போகவில்லை. இவ்வளவு கசப்புக்குப் பிறகு அவர் அந்த முடிவை எடுத்ததை நான் உளமார மதிக்கிறேன்.

அந்த ஆறு மாதமும் மினசோட்டாவுக்கு எமி குளோபுச்சார் என்ற ஒரே செனட்டர்தான். மாநில மக்களின் மனுக்கள் எல்லாம் அவருடைய அலுவலகத்துக்கே சென்றன. ஃபிராங்கன் ஜூலை 7 அன்று பதவியேற்றபோது ஜனநாயகக் கட்சி அணியின் பலம் 60 ஆயிற்று. பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் ஏப்ரலில் கட்சி மாறியிராவிட்டால் அந்த எண் வந்திராது. ஃபிராங்கன் வராவிட்டாலும் வந்திராது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் தேவை. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2009 டிசம்பர் 24 அன்று 60-க்கு 39 என்று நிறைவேறியபோது, ஒரு வாக்குகூட உபரியாக இல்லை. 312 வாக்குகளில் முடிந்த ஒரு மாநிலத் தேர்தல், கோடிக்கணக்கானோரின் மருத்துவச் செலவைப் பாதித்தது.

அம்மாநிலம் இதிலிருந்து கற்றுக்கொண்டதா என்று கேட்டால், கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். 2010-இல் தபால் வாக்குச் சட்டம் திருத்தப்பட்டது. உறைகளைச் சாவடிப் பணியாளர்கள் பார்ப்பதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற தனி வாரியங்கள் பார்க்கின்றன. கையொப்பத்தைக் கண்ணால் ஒப்பிடுவதே முதல் சோதனை என்ற நிலை போய், ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாள எண்ணைப் பொருத்திப் பார்க்கும் முறை வந்தது. உறை நிராகரிக்கப்பட்டால், காலம் இருக்கும்போதே வாக்காளருக்குத் தகவல் அனுப்பி, மாற்று வாக்களிக்க வாய்ப்புத் தர வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலும் நூலிழையில் முடிந்து மறுஎண்ணிக்கைக்குப் போயிற்று. மார்க் டேட்டனுக்கும் டாம் எம்மருக்கும் இடையே வித்தியாசம் 9,000-க்கும் குறைவு. 2008-இன் கசப்பை நினைத்து இரு கட்சிகளும் வழக்கறிஞர்களைத் திரட்டியிருந்தன. இம்முறை தபால் உறைகளைப் பற்றிச் சொல்லும்படியான தகராறு எதுவும் எழவில்லை. டிசம்பர் 8 அன்று எம்மர் தோல்வியை ஏற்றார். ஜனவரியில் டேட்டன் உரிய நாளில் பதவியேற்றார்.